காலியாகத் திரும்பும் லாரி

லாரி கழுவும் பட்டறையில் அவனுக்குப் பிடித்த வேலை ஒன்றே ஒன்றுதான். கழுவுவதற்கு முன்னால் வண்டியை வாசலிலிருந்து எடுத்து, உள்ளே சிமெண்டு மேடையில் ஏற்றி நிறுத்த வேண்டும். இருபதடி தூரம். முதல் கியரைத் தாண்ட வேண்டிய அவசியமே வராது. அதற்கே அவன் இருக்கையை முன்னும் பின்னும் இழுத்துச் சரிசெய்வான், இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் பார்ப்பான், கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலாக ஒருமுறை பார்ப்பான். பிறகுதான் வண்டி நகரும்.

"இருபதடிக்கு இவ்வளவு அலங்காரமா? புது மாப்பிள்ளைகூட இத்தனை தடவை கண்ணாடி பார்க்க மாட்டான்யா" என்று பட்டறைக்காரர் கேலி செய்வார்.

அவன் சிரித்துக்கொள்வான். ஒரு நாளைக்குப் பதினைந்து லாரி வந்தால் முந்நூறு அடி ஓட்டின கணக்கு. ஒன்றரை வருடமாக அவனுடைய ஓட்டம் அவ்வளவுதான்.

நாற்பத்து நான்கு வயது. அதில் பத்தொன்பது வருடம் பெரிய லாரி ஓட்டினவன். முதுகு சற்றுக் கூன், இடது முழங்கால் வலதைவிடப் பருமன், வலது முன்கை மட்டும் வெயிலில் கறுத்தது. வெகுகாலம் ஓட்டினவர்களுக்கு உடம்பே ஓர் அடையாள அட்டை. லாரி நிறுத்தத்தில் அவனைக் 'கேபிள்' என்று கூப்பிடுவார்கள். அந்தப் பேர் வந்த கதையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் லாரி பெரும்பாலும் காலியாகத்தான் வரும். காலி வண்டியைப் பார்த்தால் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு கட்டில், ஒரு மிதிவண்டி, மகள் வீட்டுக்கு இரண்டு மூட்டை என்று கேட்பார்கள். முதலாளிக்குத் தெரியாமல் ஓட்டுநர்கள் ஏற்றிக்கொள்வார்கள். இது எல்லா ஊரிலும் நடப்பது. யாரும் இதைத் தப்பு என்று நினைப்பதில்லை, மாட்டும்வரை.

நெடுஞ்சாலையோரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஒன்பது வருடமாக அங்கேதான் சாப்பிட்டான். கடைக்காரர் இவனைப் பார்த்ததும் கேட்காமலே இலேசான தேநீரை வைத்துவிடுவார், அவ்வளவு பழக்கம். ஒரு நாள் அவர், "மச்சான் வீட்டுல ஒயரிங் வேலை. போற வழிதான், இதை இறக்கிட்டுப் போயிடு" என்றார். தார்ப்பாய் சுற்றிக் கட்டின மூட்டைகள், பன்னிரண்டு. ஏற்றிக்கொண்டான். சோதனைச் சாவடியில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் மின்வாரியத்துச் செப்புக் கேபிள், முத்திரையோடு. கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு போனவர் போனவர்தான். மச்சான் என்று ஒருவர் பிறக்கவே இல்லை.

நீதிபதி கேட்டது ஒரே கேள்வி. "தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தியா?"

"இல்லைங்க."

"இத்தனை வருஷம் ஓட்டுறே. தூக்கிப் பார்க்கத் தெரியாதா?"

கேள்வி நியாயமாக இருந்தது. திருட்டுச் சாமானை ஏற்றிப்போன குற்றத்துக்கு நாற்பத்தைந்து நாள் சிறை. லைசென்ஸை ரத்து செய்யாமல் விட்டார்கள், அது ஒரு புண்ணியம். உள்ளே இருந்தபோது ஐந்து கிலோ எடை இறங்கியது, முதுகுவலி விட்டது. வெளியே வந்த பிறகு வேலை கிடைக்கவில்லை, முதுகுவலி மட்டும் திரும்பி வந்தது.

எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரு படிவம் கொடுப்பார்கள். பேர், வயது, லைசென்ஸ் எண் எல்லாம் சரளமாக எழுதிக்கொண்டே போவான். மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். 'எப்போதாவது தண்டனை பெற்றதுண்டா?' அங்கே வந்ததும் பேனா நின்றுவிடும், மூடின கதவைப் பார்த்த மாடு மாதிரி.

கூட ஓட்டின நெட்டையன் ஒருவன், எல்லாவற்றுக்கும் வழி வைத்திருப்பவன், யோசனை சொன்னான். "அந்தக் கட்டத்துல ஆமான்னும் எழுதாதே, இல்லைன்னும் எழுதாதே. சும்மா விட்டுடு. கேட்டா மறந்துட்டேன்னு சொல்லு. பொய்யும் சொன்ன மாதிரி இல்லை, உண்மையும் சொன்ன மாதிரி இல்லை."

அப்படியே செய்தான். ஓடு ஏற்றும் கம்பெனி ஒன்றில் எடுத்துக்கொண்டார்கள். பதினோரு நாள் ஓட்டினான். பன்னிரண்டாம் நாள் போலீஸ் சான்றிதழ் வந்து சேர்ந்தது. அலுவலகத்தில் கூப்பிட்டு, "ஜெயிலுக்குப் போனதுகூடப் பரவாயில்லைய்யா, எங்களை முட்டாளாக்கினியே" என்று சொல்லிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பிறகு அடுத்த கம்பெனிக்காரன் விசாரித்தால் இந்தக் கதையும் சேர்ந்து வந்தது. முன்பு ஒன்று இருந்தது, இப்போது இரண்டாயிற்று. அப்படித்தான் கழுவும் பட்டறைக்கு வந்து சேர்ந்தான்.

அவன் மனைவி முதியோர் இல்லம் ஒன்றில் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்பவள். அவன் வேலை போனதிலிருந்து இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை ஆட்களைப் புரட்டிப் படுக்க வைக்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தரையில் படுப்பாள். கணுக்கால் வீங்கியிருக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். அந்தக் குழியைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு ஒரு கணக்கு ஓடும். தான் ஓட்டப் போனால் இவள் ஒரு ஷிஃப்டை விட்டுவிடலாம். அவனுக்கு லாரி வேண்டியிருந்தது முதலில் அதற்காக. இரண்டாவது, லாரிக்காகவே.

ஓடு கம்பெனி வேலை போன அன்று அவன் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தான். அவள் படுத்தபடியே பேசினாள்.

"எங்க இல்லத்துல ஷிஃப்ட் மாறும்போது என்ன பண்ணுவோம் தெரியுமா? போறவ வர்றவகிட்ட எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டுப் போகணும். புதுசா வந்த பொண்ணுங்க என்ன பண்ணும், நாலாம் படுக்கை நல்லாச் சாப்பிட்டாரு, ஆறாம் படுக்கை சிரிச்சாருன்னு நல்லதா அடுக்கும். கடைசியில போற போக்குல, ரெண்டாம் படுக்கைக்கு முதுகுல சின்னதாச் சிவந்திருக்குன்னு சொல்லும். சில பொண்ணுங்க அதையும் சொல்லாம போர்வையை இழுத்து மூடிட்டுப் போயிடும். மறுநாள் பார்த்தா அது புண்ணாயிருக்கும்."

"சரி. அதுக்கும் எனக்கும் என்ன?"

"கெட்ட சேதியை முதல்ல சொல்லணும். உள்ளே நுழைஞ்சதும் சொல்லணும். நீங்க போர்வையை மூடிட்டு வந்தீங்க."

"முதல்லயே சொன்னா யாரு வேலை கொடுப்பா?"

"கொடுக்க மாட்டாங்க. கொடுக்காதவங்க யாருன்னு சீக்கிரமாத் தெரிஞ்சிடும்ல."

இது அவனுக்கு ஆறுதலாக இல்லை. ஆனால் அவள் ஆறுதலுக்காகச் சொல்பவள் அல்ல. இருபது வருடமாகப் புண்ணைப் பார்த்து மருந்து போடுகிறவள், அழுகிறவர்களுக்கு ஒரு துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவாள்.

மறு வாரத்திலிருந்து அவன் அப்படியே செய்தான். செய்கிறேன் என்றால் கொஞ்சம் அதிகமாகவே செய்கிற சுபாவம் அவனுக்கு. ஒரு சிமெண்டுக் கம்பெனிக்குப் போனான். அறைக்குள் மேசைக்குப் பின்னால் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். இவன் வாசலிலேயே நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு, "ஐயா, நான் நாற்பத்தஞ்சு நாள் ஜெயில்ல இருந்தவன். திருட்டுக் கேபிளை ஏத்திட்டுப் போனேன். தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கலை, என் தப்புதான். டிரைவர் வேலைக்கு வந்திருக்கேன்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான்.

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "நான் ஏசி ரிப்பேர் பார்க்க வந்தவன் அண்ணே. ஆனாலும் சொன்னீங்களே, சந்தோஷம்."

இன்னொரு இடத்தில் காவல்காரரிடமே சொல்லிவிட்டான். அவர், "எனக்கு ரெண்டு வருஷம். உள்ளே போய் அதைச் சொல்லாதே, என்னையும் நோண்டுவாங்க" என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஏழு கம்பெனி இப்படிப் போயிற்று. முன்பெல்லாம் வேண்டாம் என்ற பதில் வர ஒன்பது நாள் ஆகும். இப்போது இரண்டு நிமிடத்தில் வந்தது. மனைவியிடம் சொன்னபோது அவள் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே, "ஒன்பது நாள் மிச்சம்" என்றாள். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வேலையைப் பற்றின சேதி கடைசியில் கழுவும் மேடைக்கே வந்தது. வாரம் ஒரு முறை வெள்ளை நிறப் பெட்டி லாரி ஒன்று வரும். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஆலையின் வண்டி. நான்கு ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவைச் சிகிச்சை அங்கி எல்லாம் வெளுத்து, அடுக்கி, கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அழுக்குத் துணி எடுக்க வேறு வண்டி. இது சுத்தத் துணிக்கு மட்டும். அதன் ஓட்டுநர் பெரியவர். வண்டியிலிருந்து இறங்கும்போது படியைக் காலால் தடவித் தேடுவதை இவன் இரண்டு வாரமாகக் கவனித்தான்.

"அண்ணே, கண்ணு சரியாத் தெரியலையா?"

பெரியவருக்கு முகம் சுருங்கியது. "யார் சொன்னா?"

"உங்க கால் சொல்லுதே. படியைத் தேடுறீங்க."

பெரியவர் ஈரத் தரையைப் பார்த்தார். பிறகு, "ரெண்டு கண்ணுலயும் புரை. அடுத்த மாசம் ஆபரேஷன். அதுக்கப்புறம் ஓட்டுறதா இல்லை, பொண்ணு கத்துறா" என்றார். "அந்த இடத்துக்கு ஆள் தேடுறாங்க. ஆனா தம்பி, அந்தம்மா லேசுப்பட்டவங்க இல்லை."

அந்தம்மா என்றது ஆலையின் மேலாளரை. ஐம்பது வயதுக்காரர், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேசை முழுக்கத் தேடுகிறவர். சுடுநீர் ஆவியும் சலவைத்தூள் வாடையும் அடிக்கிற சின்ன அறை. சுவரில் வண்டிச் சாவிகள் மாட்ட நான்கு ஆணிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் எண். அவன் வாசலில் நின்று தன் பாடத்தை ஒப்பித்தான். இந்த முறை, "நீங்கதானே மேலாளர்?" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு ஒப்பித்தான்.

அவர் உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை.

"திரும்பற வண்டியில ஏத்தினீங்களா?"

"ஆமாம்மா."

"எத்தனை வருஷமா அப்படி ஏத்திட்டு இருந்தீங்க?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. அவன் தலையைச் சொறிந்தான். "ஓட்ட ஆரம்பிச்சதுல இருந்தே. எல்லாரும் ஏத்துவாங்க."

"அதான் எனக்குப் பிரச்சினை." அவர் கண்ணாடியைத் தலையில் கண்டுபிடித்து மூக்கில் மாட்டினார். "போன வருஷம் ரெண்டாம் வண்டி ஓட்டினவர் காலியா வர்றப்போ வீட்டுக்கு ஒரு வெங்காய மூட்டை ஏத்தினார். மூட்டையில ஓட்டை. மறுநாள் ஆபரேஷன் தியேட்டர்ல டாக்டர் அங்கியைப் பிரிச்சா, மடிப்புக்குள்ள வெங்காயத் தோல். மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு வாரம் அந்த ஆஸ்பத்திரி எங்களைச் சேர்க்கவே இல்லை. ஒரு வெங்காயத் தோலுக்கு! அவர் நல்ல மனுஷன்தான். ஆனா போங்கன்னு சொல்லிட்டேன்."

"நான் ஏத்த மாட்டேம்மா."

"அவரும் அப்படித்தான் சொன்னார்." கொஞ்ச நேரம் அவனுடைய காகிதங்களைப் புரட்டினார். "ஏத்தி மாட்டினவர் மறுபடி ஏத்த மாட்டார்ங்கிறது என் கணக்கு. கணக்கு தப்பாவும் போகலாம். தண்டனை வாங்கினவங்களுக்கு இன்சூரன்ஸ்காரங்க சும்மா ஒப்புக்க மாட்டாங்க. ஒரு மாசம் கூட ஒருத்தரை வச்சு ஓட்டவிட்டு, நாங்க கையெழுத்துப் போட்டு லெட்டர் அனுப்பணும். பெரியவர் பக்கத்துல உட்காருவார். நீங்க ஓட்டுங்க. மாசக் கடைசியில நான் கையெழுத்துப் போடுவேன், இல்லை போட மாட்டேன். இப்ப எதுவும் சொல்ல முடியாது."

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். அவள் எழுந்து உட்கார்ந்து, "ஒரு மாசமா? சரி. ஷூவுக்கு அடியில என்ன இருக்குன்னு பாருங்க, சுத்தமான துணி ஏத்துற வண்டி" என்றாள். அவள் சந்தோஷப்பட்டால் இப்படித்தான் பேசுவாள்.

அந்த மாதம் அமைதியாகப் போயிற்று. காலை ஆறு மணிக்கு ஆலை. பெட்டிக்குள் ஏறி மூலை மூலையாகப் பார்ப்பான், வெள்ளைத் துணியால் தரையை ஒருமுறை துடைத்துத் துணியைத் திருப்பிப் பார்ப்பான். பெரியவர் பக்கத்து இருக்கையில் சாய்ந்துகொண்டு, "எனக்குக் கண்ணுதான் தெரியலை, உனக்குக் கண்ணு ரொம்பத் தெரியுது" என்பார். நான்கு ஆஸ்பத்திரிகளின் பின்வாசல்களும் பழகின. முதலாவதில் சரிவு அதிகம், கட்டுகளைத் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்காவிட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மூன்றாவதில் பூனை ஒன்று பெட்டிக்குள் ஏறப் பார்க்கும். நான்காவதில் கையெழுத்துப் போடுகிறவர் பத்து நிமிடம் ஊர்க்கதை பேசாமல் பேனாவை எடுக்க மாட்டார். பிறகு காலி வண்டி, பெட்டி முழுக்க வெறும் காற்று, நகரத்தைக் குறுக்கே கடந்து ஆலைக்குத் திரும்பும்.

மாதத்தின் கடைசி நாள் பெரியவருக்குக் கண் ஆஸ்பத்திரியில் பரிசோதனை. மேலாளர் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "இன்னைக்கு நீங்க மட்டும் போங்க. நாளைக்கு லெட்டர் பத்திப் பேசலாம்."

தனியாக ஓட்டினான். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு பக்கத்தில் யாரும் இல்லாமல் ஒரு லாரி. வழியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டாவது தெரு முனையில் ஒரு பெண் நடுச்சாலையில் நின்று கையைத் தூக்கினாள். பக்கத்தில் நடைபாதையில் ஒரு மர பீரோ, இரண்டு கதவு வைத்தது, ஆளுயரம்.

அவனுடைய அக்கா.

இவனைவிட ஏழு வயது மூத்தவள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் இவனுக்குத் தலை வாரிவிட்டதிலிருந்து பெண் பார்த்ததுவரை எல்லாம் அவள்தான். சும்மா ஒருநாள் பேச்சுவாக்கில் தன் வழித்தடத்தைச் சொன்னது நினைவுக்கு வந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தது. இறங்கினான். எஞ்சினை அணைக்கவில்லை.

"நல்லவேளை வந்தே. எவ்வளவு நேரம் நிக்கிறது? ரெண்டு பேரை வச்சு மாடியில இருந்து இறக்கிட்டேன், அவங்க போயிட்டாங்க. பொண்ணு வீட்டுக்குத்தான். உங்க ஆலைக்குப் பின்னாடித் தெரு. கதவைத் திற."

"அக்கா, இந்த வண்டியில ஏத்த முடியாது."

"ஏன், இடம் இல்லையா?"

"இடம் இருக்கு."

"வேற வழியாப் போறியா?"

"அதே வழிதான்."

"அப்புறம் என்னடா?"

"ஏத்தக் கூடாது அக்கா. ஆஸ்பத்திரித் துணி வண்டி. வேற எதையும் உள்ளே வைக்கக் கூடாது."

"பீரோதானே! துடைச்சு வச்சிருக்கேன். உங்க ஆஸ்பத்திரியைவிடச் சுத்தம்." அவள் வானத்தைப் பார்த்தாள். முதல் துளி பீரோவின் தலையில் விழுந்தது. "மழை வேற வருது. திற."

அவன் பின்கதவின் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். சாவி கையில் இருந்தது. இருபது நிமிட ஓட்டம். ஏற்றி, இறக்கி, தரையைத் துடைத்தால் யாருக்கும் தெரியாது. திருட்டுச் சாமான் இல்லை, தார்ப்பாய் மூடி ஒளித்த மூட்டை இல்லை. தான் சின்ன வயதில் ஓடி விளையாடும்போது கண் முன்னால் இருந்த பீரோ. இதை ஏற்றினால் எந்த நீதிபதியும் கூப்பிட்டுக் கேட்கப் போவதில்லை.

ஆனால் வெங்காயமும் திருட்டு வெங்காயம் இல்லை.

"முடியாது அக்கா."

அக்காவுக்கு முகம் சிவந்தது. "ஊர்ல எவனோ ஒரு கடைக்காரனுக்குக் கேபிள் ஏத்தினே. உன் கூடப்பிறந்தவளுக்கு ஒரு பீரோ ஏத்த மாட்டியா?"

எதிர்க் கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த நாற்பத்தஞ்சு நாள்ல ஏழு தடவை வந்தவ நான்டா. ரெண்டு பஸ் மாறி, துவைச்ச சட்டையோட. உன் சிநேகிதன் எவனாவது எட்டிப் பார்த்தானா? நெட்டையன் வந்தானா? சொல்லு."

"வரலை."

"நான் வந்தேன்."

"நீதான் வந்தே."

"அப்புறம்?"

சொல்வதற்கு இருந்ததெல்லாம் அவள் பக்கத்து நியாயம். கைபேசியை எடுத்துச் சின்ன லோடு வண்டிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டான், கழுவும் பட்டறைக்கு வருகிறவர். ஒரு மணி நேரம் ஆகும் என்றார். மழை வலுத்தது. இருக்கைக்குப் பின்னாலிருந்து தன் மழைக்கோட்டை எடுத்து பீரோவின் மேல் போட்டு, கோட்டின் கைகளைக் கதவைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டான். கோட்டு பாதிதான் எட்டியது. பீரோ மழைக்குப் பயந்து இடுப்புவரை மூடிக்கொண்ட ஆள் மாதிரி நின்றது. அக்காவைக் கடைக் கூரைக்குக் கீழே போய் நிற்கச் சொன்னான்.

"எனக்கு நிக்கத் தெரியும். நீ உன் வண்டியைப் பார்த்துட்டுப் போ" என்றாள்.

போனான். பக்கக் கண்ணாடியில் கோட்டுப் போட்ட பீரோவும் அதன் பக்கத்தில் அக்காவும் சிறியதாகி மறைந்தார்கள். கூரைக்குக் கீழே அவள் போகவே இல்லை.

ஆலையில் மேலாளரின் மேசையில் ஒரு கணினித் திரை உண்டு. வண்டிகள் எங்கே போகின்றன என்று புள்ளிகள் நகர்ந்து காட்டும். அது அவனுக்குத் தெரியும், எல்லா ஓட்டுநர்களுக்கும் தெரியும். உள்ளே நுழைந்ததும் சாவியைக்கூட வைக்காமல் சொன்னான்.

"முதல்ல கெட்ட சேதிம்மா. திரும்பும்போது வழியில நிறுத்தினேன். எங்க அக்கா ஒரு பீரோவோட நின்னாங்க. ஏத்தச் சொன்னாங்க. ஏத்தலை. ஒரு அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு."

"பதினோரு நிமிஷம்."

"பேசினது அஞ்சு நிமிஷம். மீதி திட்டு வாங்கினது."

மேலாளர் சிரிக்கவில்லை. எழுந்து மழையில் நனைந்தபடி லாரிக்கு நடந்தார். பின்கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஏறி, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, தரையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். ஒரு மூலையில் குனிந்து மோந்துகூடப் பார்த்தார். காலி. சலவைத்தூள் வாடை மட்டும்.

இறங்கும்போது, "ஏன் இப்படித் தொப்பலா நனைஞ்சிருக்கீங்க? மழைக்கோட்டு இல்லையா?" என்று கேட்டார்.

"பீரோவுக்குப் போட்டுட்டேம்மா."

அவர் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "போய்த் தலையைத் துவட்டுங்க. சளி பிடிச்சவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேன்."

மறுநாள் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன்னால், "அடுத்த தடவை நிறுத்த வேண்டி வந்தா அங்கிருந்தே போன் பண்ணுங்க. வந்து சொல்றது ரெண்டாம் பட்சம்" என்று கண்டித்தார். இன்சூரன்ஸ்காரர்களின் பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அவன் மறுபடி கழுவும் மேடையில் இருபதடி இருபதடியாக ஓட்டிக்கொண்டிருந்தான். பதில் வந்தது. ஒரு வருடத்துக்குச் சம்மதம், ஒரு புகார் வந்தாலும் ரத்து. மேலாளர் மூன்றாம் எண் ஆணியைக் காட்டி, "அது உங்க ஆணி" என்றார்.

மனைவியிடம் சொன்னான். அவள் அன்றைக்கே இல்லத்துக்குப் போன் செய்து, அடுத்த மாதத்திலிருந்து ஒரு ஷிஃப்ட் போதும் என்று சொல்லிவிட்டாள். பிறகு சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தாள்.

"உங்க அக்காவைப் போய்ப் பார்த்தீங்களா?"

"போனை எடுக்க மாட்டேங்கிறா."

"போன்ல ஏன் பேசுறீங்க? நேர்ல போங்க. திருப்புளி எடுத்துட்டுப் போங்க."

"திருப்புளி எதுக்கு?"

"மழையில நனைஞ்ச மர பீரோ. கதவு சும்மா இருக்குமா?"

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வீட்டுக்குப் போனான். அக்காவும் அங்கேதான் இருந்தாள். வா என்று சொல்லவில்லை. நகர்ந்து வழி மட்டும் விட்டாள். பீரோ படுக்கையறைச் சுவரோரம் சற்றுச் சாய்ந்து நின்றது. இடது கதவு உப்பி, கீழே தரையில் உரசியது. லோடு வண்டியில் ஏற்றும்போது ஒரு கால் வேறு இடிபட்டு உடைந்திருந்தது.

அவன் தரையில் உட்கார்ந்து கீல்களைக் கழற்றினான். கதவின் அடிப்பக்கத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தான். உடைந்த காலுக்கு அடியில் அட்டையை நான்காக மடித்துச் செருகினான். அக்கா வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் லாரியில வந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?"

"ஆயிருக்காது அக்கா."

"கால் உடைஞ்சிருக்குமா?"

"உடைஞ்சிருக்காது."

"கேட்டா எல்லாத்துக்கும் ஆமாம் ஆமாம்னு சொல்றான் பாரு" என்று அவள் மகளிடம் முறையிட்டாள். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "வேலை கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"ம்." பிறகு, "அவளுக்குக் கால் வீக்கம் எப்படி?"

"அடுத்த மாசத்துல இருந்து ஒரு ஷிஃப்டுதான்."

அக்கா சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை ஓசையோடு நகர்த்தினாள். சாப்பாடு போடப் போகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போடுவாள், இரண்டு கரண்டி அதிகமாக.

கதவை மாட்டித் திறந்து மூடிப் பார்த்தான். உரசவில்லை. சரியாக இருக்கிறதா என்று வலது கதவையும் திறந்தான். உள்ளே மகளின் துணிகளை ஒரு பக்கமாக ஒதுக்கி நடுவில் ஒரு மாட்டி. அதில் அவனுடைய மழைக்கோட்டு, துவைத்து, காய்ந்து, கைகளின் முடிச்சுச் சுருக்கம்கூடத் தெரியாமல் தேய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அதை எடுத்துட்டுப் போ" என்றாள் அக்கா சமையலறையிலிருந்து. "இடத்தை அடைச்சுட்டு இருக்கு."